கரட்டு மேல் விசில்

பள்ளப்பட்டியில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்த ஹபீபாவிடம், பொழுதுபோக்காக வானலையில் பேசிக்கொள்ளும் ஹாம் ரேடியோ கற்றுக்கொண்டவர்கள் நிறையப் பேர். அவர்களில் வயதில் மூத்தவர் ராக்கியண்ணன். ஹபீபாவுக்கு அப்பா வயது இருக்கும். ஆனாலும் "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார். ஹபீபா அவரை "அண்ணா" என்பார்.

ராக்கியண்ணனுக்கு அரவக்குறிச்சிப் பக்கம் முருங்கைத் தோட்டம். தோட்டத்தின் கோடியில் ஒரு கரடு, சின்னப் பாறைக்குன்று. சுற்று வட்டாரத்தில் அதைவிட உயரமான இடம் கிடையாது.

கையில் பிடிக்கும் செட்டில் பேசினால் குரல் ஊர் எல்லையைத் தாண்டாது. உயரத்தில் ஒரு பெட்டியை வைத்துவிட்டால், அது கேட்ட பேச்சை அந்த நொடியே பலமாகத் திருப்பிச் சொல்லும். அப்புறம் தாராபுரத்துக்காரரும் குஜிலியம்பாறைக்காரரும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள்போலப் பேசிக்கொள்ளலாம். அந்தப் பெட்டிக்கு ரிப்பீட்டர் என்று பெயர்.

"நம்ம கரட்டுல வெச்சுக்குங்க டீச்சர்" என்றார் ராக்கியண்ணன். "கரண்டும் நம்முளுதே."

வைத்தார்கள். கம்பம் நட்டார்கள். கம்பத்தடியில் சின்ன ஷெட், அதற்குள் பெட்டி. வண்டி ஏற மண்பாதை போட்டுக்கொடுத்தார் ராக்கியண்ணன். இடி விழுந்தால் மண்ணுக்குள் இறங்க ஓர் எர்த் குழி. குழி காயக்கூடாது என்று ஹபீபா சொல்லியிருந்ததால், தென்னங்கன்றுக்கு ஊற்றுவதுபோல அதற்கும் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றினார்.

முருங்கை பறிக்க வந்த பெண்கள் பார்த்துவிட்டுக் கேட்டார்கள். "அந்தக் கம்பி காய்க்குமுங்களா?"

"காய்க்கும், காய்க்கும். பேச்சாக் காய்க்கும்."

ஞாயிறு காலையில், கடையில் நிற்கும் ஹபீபா தவிர, எல்லாரும் செட்டில் கூடுவார்கள். ஒவ்வொருவராக ஆஜர் சொல்வார்கள். மழை, பஸ், முந்தின நாள் குழம்பு எல்லாம் பேச்சில் வரும்.

சில மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை, கண்ணாடிக் கடைக்கு ராக்கியண்ணன் போன் செய்தார்.

"டீச்சர், நாளைக்கு வந்து உங்க பெட்டியைக் கழட்டிட்டுப் போயிருங்க."

"என்னாச்சுண்ணா?"

"நேர்ல வாங்க."

வேறு கரடு கிடையாது. பெட்டி இறங்கினால் அத்தனை பேர் பேச்சும் அவரவர் தெருவோடு சரி.

மறுநாள் காலை ஹபீபா கடையைப் பூட்டிவிட்டு ஸ்கூட்டரில் கரட்டு உச்சிக்கு வந்து சேர்ந்தார். ஷெட்டின் கூரையில் புதிதாக ஒன்று கட்டியிருந்தது. கோயில் நோம்பிக்குக் கட்டுகிற குழாய் ஸ்பீக்கர். அதன் வாய் தோட்டத்தைப் பார்த்திருந்தது. வாய்க்கு நேர் எதிரே, ராக்கியண்ணன் உட்கார்ந்து பேசுகிற கல்.

"இது எப்பண்ணா கட்டினீங்க?"

"பெட்டி வெச்ச மறுநாளே. உள்ள பழைய செட்டு ஒண்ணு ஓடுது. பெட்டி பேசறது பூராவும் குழாய்ல வரும். நான் பேசறது தோட்டத்துக்குக் கேக்கோணுமில்லீங்க? எனக்கும் கேக்கோணுமில்ல?"

ஹபீபா அவர் முகத்தைப் பார்த்தார்.

"உங்க கண்ணாடி ஒரு பக்கம் சாயுது. குடுங்க."

கைப்பையிலிருந்து சின்ன ஸ்குரு டிரைவரை எடுத்து முடுக்க ஆரம்பித்தார். கண்ணாடி இல்லாத முகத்தோடு கோபப்படுவது கஷ்டம். ஆனாலும் ராக்கியண்ணன் பட்டார்.

"நான் வாயைத் தொறந்தா எவனோ விசில் அடிக்கிறானுங்க. கீ...ன்னு காது கிழியுது. நான் நிறுத்துனா அவனும் நிறுத்திக்கறான். மறுபடி பட்டனை அமுக்குனா மறுபடி விசிலு. மத்தவங்க பேசறப்ப அவனுக்கு வாயே இல்லை."

"மத்தவங்க என்ன சொல்றாங்க?"

"'மயில் வந்துருச்சு, கத்தி முடிக்கட்டும்'ங்கறாங்க. நானும் மயிலுன்னு நம்பிக் கரடு பூராத் தட்டத்தைத் தட்டித் தொரத்துனேன். மயிலெல்லாம் அடுத்த தோட்டத்துக்குப் போயிருச்சு. விசிலு போகலை."

"ம்."

"என் எடம். என் கரண்டு. எர்த்துக்கு நான் தண்ணி சொமக்கறேன். ஒரு நாளு, ஒருத்தராச்சும் 'அண்ணா சௌக்கியமா'ன்னு கேட்டிருப்பாங்களா? மயிலுக்கு இருக்கற மரியாதை எனக்கில்லீங்களே. சொல்லுங்க டீச்சர், என் கரட்டுல எனக்கு மட்டும் ஏன் பதில் வரமாட்டேங்குது?"

ஹபீபா கண்ணாடியைத் துடைத்துக் கையில் கொடுத்தார்.

"கழட்டிரலாம்ணா. ஏணி இருக்கா?"

இவ்வளவு சீக்கிரம் சரி என்பார் என்று ராக்கியண்ணன் எதிர்பார்க்கவில்லை. முகம் தொங்கிப்போனது. போய் ஏணியைக் கொண்டுவந்து சாய்த்தார். ஹபீபா ஏறி, கூரையில் இருந்த குழாயை அவிழ்த்தார்.

"பெட்டி உள்ளார இருக்குதுங்க."

"பெட்டி கனம்ணா. முதல்ல லேசானதை இறக்குவோம்."

குழாயை இறக்கி ஸ்கூட்டரின் பின் சீட்டில் வைத்துக் கட்டினார்.

"இதை எங்கீங்க கொண்டு போறீங்க?"

"பெட்டி போனப்புறம் இதுக்கு இங்க என்ன வேலை? போகட்டும், நீங்க எல்லார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிருங்க. சொல்லாம நிறுத்தினா நல்லாருக்காது."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. ராக்கியண்ணன் கல்லில் உட்கார்ந்து செட்டின் பட்டனை அமுக்கினார். வாயைத் திறந்தார். உடனே பட்டனை விட்டுவிட்டார்.

"போகுதுங்களா டீச்சர்? எனக்கு ஒண்ணுமே கேக்கலையே."

"பேசுங்கண்ணா."

"என் கொரலு எனக்குக் கேக்காம எப்படிங்க பேசறது? போகுதா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

"பேசிட்டுப் பட்டனை விட்டுப் பாருங்க."

மறுபடி அமுக்கினார். முதலில் தன் கால்சைனை, லைசென்ஸில் கொடுத்த அடையாள எழுத்துகளை, சொன்னார்.

"நானுங்க... கரட்டுல இருந்து ராக்கியண்ணன் பேசறேனுங்க. எல்லாருக்கும் வணக்கமுங்க."

பட்டனை விட்டார். காற்று மட்டும் அடித்தது. கம்பத்தில் ஒரு கயிறு தட்டிக்கொண்டே இருந்தது.

பிறகு செட்டு பேசியது. குஜிலியம்பாறை ஞானப்பிரகாசம்.

"யாருங்க அது? புதுக் குரலா இருக்கே?"

தாராபுரம் சுலோச்சனா அக்கா குறுக்கே வந்தார். "கரட்டுலங்கறாரே, பெட்டி வெச்சிருக்கற அண்ணனுங்களா? அட, இத்தனை நாளா எங்க போயிருந்தீங்க? பெரிய மனுசரு, நம்மகிட்ட எல்லாம் பேசமாட்டாராட்ட இருக்குதுன்னு நாங்க மனசு வெசனப்பட்டுட்டு இருந்தோம்!"

"அதானே" என்றார் ஞானப்பிரகாசம். "இன்னிக்கு மயிலக் காணோம், அண்ணன் வந்துட்டாரு. அண்ணே, சௌக்கியமா?"

ராக்கியண்ணன் ஹபீபாவைப் பார்த்தார். அப்போதுதான் துடைத்த கண்ணாடியைக் கழற்றி மறுபடியும் துடைத்தார்.

"சௌக்கியமுங்க. ரொம்பச் சௌக்கியமுங்க."

பேச்சு நீண்டது. முருங்கைப் பூ உதிராமல் இருக்க மோர் தெளிக்கலாமா என்று அவர் கேட்டார். கருவாட்டுக் குழம்பில் முருங்கைக்காயை எப்போது போடுவது என்று அக்கா கேட்டார். அதில் இரண்டு கட்சி ஆகி, நடுவில் புகுந்த கரூர்க்காரர் ஒருவர் இரண்டு பக்கமும் திட்டு வாங்கினார். எல்லாரும் ஒரு நாள் கரட்டுக்கு வந்தே ஆகவேண்டும் என்றார் ராக்கியண்ணன்.

ஷெட்டு நிழலில் ஹபீபா உட்கார்ந்திருந்தார். ஏணி சாய்த்தபடியே நின்றது.

வெயில் ஏறியதும் எழுந்தார். "பெட்டியை இறக்கலாமாண்ணா?"

"பெட்டியா? அது பாட்டுக்கு இருக்குது, அதையேன் தொந்தரவு பண்றீங்க?" என்றார் ராக்கியண்ணன். எர்த் குழிக்குத் தண்ணீர் கொண்டுவரக் குடத்தைத் தேடிக்கொண்டிருந்தார். திடீரென்று நிமிர்ந்தார். "டீச்சர், ஒண்ணு கவனிச்சீங்களா? அந்த விசிலடிக்கறவன் இன்னிக்கு வரவே இல்லை."

"வந்திருக்கார்ணா."

"எங்கீங்க?"

ஹபீபா பின் சீட்டைக் காட்டினார்.

"இதோ உக்காந்திருக்கார். பள்ளப்பட்டியில இறக்கி விட்டுடறேன்."

குழாய் வாயைத் திறந்தபடி ராக்கியண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் குழாயைப் பார்த்தார். வெறும் கூரையைப் பார்த்தார். கூரைக்கு எதிரே இருந்த கல்லைப் பார்த்தார். நோம்பி மேடையில் மைக்கைக் குழாய்க்கு நேரே கொண்டுபோனால் எப்படிக் கத்தும் என்பது அவர் அறியாததல்ல.

"அப்ப, என் பேச்சே திரும்பி வந்து..."

"ஆமாண்ணா."

"மயிலுன்னது..."

"உங்களைத்தான்."

ராக்கியண்ணன் கல்லில் உட்கார்ந்தார். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்ததும் அடுத்த தோட்டத்துப் பக்கம் பார்த்தார். முகம் வாடியது.

"பாவமுங்க டீச்சர், அந்த மயிலுக. ஒண்ணுமே பண்ணாததுகளைத் தொரத்திப்புட்டேன். எப்படிங்க திரும்பக் கூப்புடறது?"

ஹபீபா வண்டியைக் கிளப்பினார்.

"கூப்பிடாதீங்கண்ணா. சும்மா இருந்தா அதுகளே வரும்."