ஞானப்பூவின் பிடி அரிசி

ராசாக்கள் குதிரையில் போன காலத்தில், ஆற்றங்கரையில் ஒரு ஊர். ஊருக்கு நடுவில் மதில் வைத்த ஒரு கோயில். உள்ளே சிலுவையில் இயேசுசாமி, கையை விரித்தபடி. ஒரு கை மேலத்தெருப் பக்கம், ஒரு கை கீழத்தெருப் பக்கம். கேளுங்க பிள்ளைகளா, கை இரண்டும் ஒரே நீளம்தான்.

அங்கே வருஷத்துக்கு ஒரு தடவை அந்தோணியாருக்கு அசனம். வீட்டுக்கு வீடு அரிசி கொண்டுவந்து, கோயில் வாசலில் பாய்மேல் கொட்டி, ஒன்றாகப் பொங்கி, எல்லாரும் சாப்பிடுவது. எல்லாரும் என்பது பேச்சுக்குத்தான். அரிசி கொட்டுவது மேலத்தெரு. விறகு வெட்டுவது கீழத்தெரு. அடுப்புக்குக் குழி தோண்டுவது கீழத்தெரு. எச்சில் இலை எடுப்பதும் கீழத்தெரு. அவர்களுக்குச் சோறு கடைசியில், மதிலுக்கு வெளியே.

கீழத்தெருவில் ஞானப்பூ என்று ஒருத்தி. நிமிர்ந்து பேசமாட்டாள். மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்தவள். நாலாவது பிள்ளைக்கும் காய்ச்சலில் கண் செருகியபோது, "அந்தோணியாரே, இவளையாவது விட்டுவையும். என் பிடி அரிசி உம்ம அசனத்தில் வேகணும். அந்தச் சோறுதான் இவளுக்கு முதல் சோறு" என்று நேர்ந்துகொண்டாள்.

பிள்ளை பிழைத்தது. அசன நாளும் வந்தது. மடியில் அரிசியும் இடுப்பில் பிள்ளையுமாகப் போனாள்.

மதில் வாசலில், கோயில் சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் மறித்தார். "ஏ புள்ள, இங்கே எங்கே வர்றே? விறகுப் பக்கம் போ."

சாமியாரிடம் போனாள். காலைப் பூசையில்தான், கடவுள் ஆள் பார்க்கிறவர் இல்லை என்று கண் கலங்கிப் பிரசங்கம் வைத்தவர். "மகளே, உன் மனசு ஆண்டவருக்குத் தெரியும். வீட்டிலேயே பொங்கி ஊட்டு. ஊர் வழக்கம் ஒன்று இருக்கிறதே" என்றார்.

ஞானப்பூ மடியை இறுக்கிப் பிடித்தாள். வழக்கமா என் பிள்ளையைப் பிழைக்க வைத்தது? உபதேசியாரைத் தாண்டி விறுவிறு என்று நடந்தாள். குவியலுக்கு நடுவில் மடியை உதறினாள்.

நாட்டாமை சவரிராயர் பாய்ந்து வந்தார். "எடுடி! உன் அரிசியைப் பொறுக்கி எடு!"

"எது என் அரிசி ஐயா? நீங்களே எடுங்க."

நாட்டாமை குனிந்தார். நிறம் பார்த்தார், ஒரே வெள்ளை. மோந்து பார்த்தார், ஒரே மணம். மென்று பார்த்தார், ஒரே ருசி.

"மாமா, நீங்களே பாதி அசனத்தை மென்னுடுவீங்க போலிருக்கே!" என்று கூட்டத்தில் ஒருத்தன் சிரித்தான்.

ஞானப்பூ சிரிக்கவில்லை. "எப்படித் தெரியும்? உங்க வயல்ல நாத்து நட்டது நாங்க. கதிர் அறுத்தது நாங்க. நெல்லைக் குத்திப் புடைச்சது நாங்க. எங்க கை படாத மணி ஒண்ணு காட்டுங்க, நான் ஊரை விட்டே போறேன்."

நாட்டாமை ஒரு கை அள்ளி வெளியே வீசினார். "ஒரு மணி உள்ளே தங்கியிருந்தா?" என்றாள். ஒரு கூடை அள்ளிக் கொட்டினார். "ஓரத்துல சிதறியிருந்தா?" என்றாள். அவருக்கு முகம் கறுத்துவிட்டது. பாயையே பிடித்து மதிலுக்கு வெளியே இழுத்து விட்டார். "எல்லாத்தையும் நீயே கொண்டு போ! உங்க தீட்டு எங்களுக்கு வேண்டாம்!"

கீழத்தெருப் பெண்கள் வந்து பாயைப் பிடித்துக்கொண்டார்கள். விறகு வெட்டவும் அடுப்பு தோண்டவும் அவர்களுக்குச் சொல்லியா தரவேண்டும்? மதிலுக்கு வெளியே சோறு பொங்கியது. முதல் கவளத்தை ஞானப்பூ தன் மகளுக்கு ஊட்டினாள்.

மேலத்தெருப் பிள்ளைகள்தான் முதலில் ஓடிவந்தன. பசிக்குத் தெரு தெரியுமா? பின்னாலேயே தாய்மார்கள், ஆண்கள். பந்தி ஒன்றுதான், யார் பக்கத்தில் யார் என்று யாரும் பார்க்கவில்லை. சாமியாரும் தலையைக் குனிந்தபடி வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"உட்காருங்க சாமி. பிரசங்கம் வேண்டாம், சாப்பிடுங்க" என்றாள் ஞானப்பூ.

நாட்டாமை மட்டும் மதில் வாசலில் நின்றார். "பாவம், கூப்பிடட்டுமா அக்கா?" என்றாள் ஒருத்தி.

"இலை போட்டிருக்கு. வந்தா சோறு விழும். கெஞ்ச மாட்டேன்" என்றாள் ஞானப்பூ. "சாப்பிட்டா, அவர் இலையை அவரே எடுக்கட்டும்."

வெயில் சாயும்வரை நின்று பார்த்தார். பிறகு வந்தார். உட்கார்ந்தார். சாப்பிட்டுவிட்டுத் தன் எச்சில் இலையைத் தானே எடுத்துக்கொண்டு போனார்.

கடவுள் ஆள் பார்க்கிறவர் இல்லை. அவர் வீட்டுச் சோற்றை ஆள் பார்த்துப் போடுகிறவன் அவர் வீட்டு ஆள் இல்லை.