ஓணான்மலை ஏற்றமும் ஒரு கிலோ நெத்திலியும்

மலை பாட்டுக்குச் சும்மா நின்றுகொண்டிருக்கும். அதனிடம் போய் வம்பு வளர்த்த ஒருவரின் கதை இது.

பெயர் சங்கிலிமுத்து. திண்டுக்கல்லில் பழைய இரும்புக் கடை. தள்ளுவண்டியோடு தெருத்தெருவாய்த் தொண்டை வறளக் கத்திச் சேர்த்த கடை. பேரம் பேசாமல் ஒரு கொத்தமல்லிக் கட்டுக்கூட வாங்கியதில்லை. கோபம் மூக்குக்கு மேல் உட்கார்ந்திருக்கும்.

சர்க்கரை ஏறிவிட்டது, தினமும் இருபது கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டுங்கள் என்றார் டாக்டர்.

"பத்துக்கு முடிச்சுக்குவோம், சார்."

டாக்டர் படியவில்லை. அப்படித்தான் சங்கிலிமுத்து திலகவதி டீச்சரிடம் வந்து சேர்ந்தார்.

டீச்சர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் பாடம் எடுப்பவர். சங்கிலிமுத்துவைவிட வயதில் ரொம்பச் சின்னவர். ஞாயிறானால் ஒரு கூட்டத்தைச் சைக்கிளில் இழுத்துக்கொண்டு மலையோர ஊர்களுக்குக் கிளம்பிவிடுவார். பாளையக்காரர் கோட்டை இடிந்து கிடக்கும் ஊர், பாறையில் சமணர் படுக்கை இருக்கும் ஊர், ஆடுகள் உரசி உரசி வழுவழுத்துப்போன நடுகல் நிற்கும் ஊர். போகிற வழியில் நாலு வார்த்தைக்கு மேல் பேச மாட்டார். அதனாலேயே எல்லோரும் "குருவே" என்று கூப்பிட்டார்கள். பாதி கேலி, பாதி மரியாதை.

பொங்கல் முடிந்ததும் கோட்டை ஊர்களையெல்லாம் சுற்றும் பெரிய பயணம் வரும். அதற்கு டீச்சர் வைத்திருந்தது ஒரே ஒரு சட்டம். ஓணான்மலையை, உச்சியிலுள்ள கோட்டை வாசல் வரை, தரையில் கால் ஊன்றாமல் ஏறியவர் சைக்கிளில் வரலாம். ஏறாதவர் தண்ணீர் கேனோடும் வாழைத்தாரோடும் வேனில் வர வேண்டும்.

போன வருஷம் சங்கிலிமுத்து வேனில் போனார். ஊருக்கு ஊர் பிள்ளைகள் சைக்கிள்காரர்களுக்குக் கைதட்டினார்கள். ஊர்ப் பெண்கள் வேனை நிறுத்தி, "பழம் சீப்பு என்னய்யா விலை?" என்று கேட்டார்கள். அந்த நேரம் பார்த்து அவருடைய மச்சான் தவமணி சைக்கிளில் பக்கத்தில் வந்து, "கூடுதலா சொல்லுங்க மாமா, ஏமாந்துராதீக" என்று கத்திவிட்டுப் போனான்.

அந்தச் சூடு ஆறவே இல்லை. இந்த வருஷம் ஏறாவிட்டால் பெயரை மாற்றிக்கொள்கிறேன் என்று வீட்டில் சபதம் போட்டார். வாழைமுத்து என்று ஒரு பெயரை மச்சான் தயாராய் வைத்திருந்தான்.

ஆனால் மலை மசியவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அடிவாரத்திலேயே பல்லைக் கடித்துக்கொண்டு பாய்வார். மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் இறங்கிவிடுவார். இறங்கிச் சைக்கிள் சீட்டைத் திட்டுவார். காற்றைத் திட்டுவார். ரோடு போட்டவனைத் திட்டுவார். கடைசியில் செத்துப்போன பாளையக்காரரையும் விடமாட்டார்.

"சமதரையில இடமா இல்ல? எந்தக் கிறுக்கன் இந்த உச்சியில கோட்டை கட்டினான்?"

"எதிரி ஏறி வரக்கூடாதுன்னு கட்டினது, அண்ணே" என்றார் டீச்சர்.

"நான் என்ன எதிரியா?"

"மலைக்கு எப்படித் தெரியும்? வரும்போதே திட்டிக்கிட்டுல்ல வர்றீக."

பொங்கலுக்கு முந்தின கடைசி ஞாயிறு வந்தது. இன்றைக்கு விட்டால் வேன்தான். கால் ஊன்றினால் ஊதுவதற்கு மச்சான் விசிலோடு முன்னாலேயே உச்சிக்கு ஏறி, கோட்டை வாசலில் உட்கார்ந்துகொண்டான். அடிவாரத்தில் டீச்சரும் சங்கிலிமுத்துவும் மட்டும்.

"குருவே, ஒளிக்காம சொல்லுங்க. இந்த ஏத்தத்தை எப்படி ஜெயிக்கிறது?"

டீச்சர் ரோட்டைப் பார்த்தார். ஒரு பழைய மொபெட் புகை கக்கிக்கொண்டு வந்தது. இரண்டு பக்கமும் கருவாட்டு மூட்டை. மேலே ஒச்சம்மாள். மலை ஊர்களுக்குக் கருவாடு கொண்டுபோய் விற்கிறவர். ஏற்றம் தொடங்கியதும் வண்டி நடக்கிற வேகத்துக்கு வந்துவிட்டது.

"அண்ணே, அந்த அக்காகிட்ட நெத்திலி ஒரு கிலோ பேசி முடிங்க. நானூறு சொல்லும். உங்களால குறைக்க முடியுதான்னு பாப்போம்."

"என்னாலயா? என்ன டீச்சர் இப்படிக் கேட்டுட்டீக! நிறுத்தச் சொல்லுங்க வண்டிய."

"ஏத்தத்துல நிறுத்தினா மறுபடி கிளம்பாது. போய்க்கிட்டேதான் பேசணும்."

சங்கிலிமுத்து மிதித்தார்.

"ஏக்கா! நெத்திலி என்ன விலை?"

"நானூறு."

"நானூறா? தங்கத்துல செஞ்சதா?"

"கடல்ல பிடிச்சது. தங்கம் வேணும்னா நகைக்கடைக்குப் போ."

அவருக்குச் சுருக்கென்று ஏறியது. "ஏய், யார்கிட்ட…" என்று ஒரு சத்தம் போட்டார். அந்த ஒரு சத்தத்தில் இருந்த மூச்செல்லாம் போய்விட்டது. சைக்கிள் தள்ளாடியது. மொபெட் நாலு முழம் முன்னால் போனது.

கத்தினால் மூச்சு போகிறது. மூச்சு போனால் கருவாடு போகிறது. சங்கிலிமுத்து கோபத்தை மென்று விழுங்கிவிட்டு மறுபடி எட்டிப் பிடித்தார்.

"இருநூத்தி… அம்பது."

"முன்னூத்தி எம்பது. ஒன் மூஞ்சி வேர்க்குதேன்னு எரக்கப்பட்டுச் சொல்றேன்."

"ஈரக் கருவாடு… எடை… கூடக் காட்டும்."

"ஈரமா? கடிச்சுப் பாரு, பல்லு கையோட வந்துரும்."

"என் பல்லு… பழசு. அதுக்கு ஏத்த… விலை சொல்லு."

ஒச்சம்மாள் திரும்பி அவரை உற்றுப் பார்த்தார்.

"ஏய்யா, நீ இரும்புக்கடைக்காரன்ல? என் அண்டாவுக்குக் கஞ்சிக்காசு குடுத்த படுபாவி நீதானா?"

"அண்டாவுல… ஓட்டை."

"ஓட்டை ஒன் தராசுல!"

மூன்றாவது வளைவில் அவர் வழக்கமாய் உட்கார்ந்து திட்டுகிற பாறை பின்னால் போனது. அவர் அதைப் பார்க்கவில்லை. அந்த மலையிலும் இருந்த ஒரு சமணர் படுக்கை போனது. இடிந்த மதில் போனது. வழியோர நடுகல்லில் முதுகு தேய்த்துக்கொண்டிருந்த ஓர் ஆடு தலையைத் தூக்கி இரண்டு பேரையும் பார்த்தது. அவர் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் கருவாட்டு மூட்டை ஒன்றுதான்.

"முன்னூத்தி முப்பது. இதுக்கு மேல பேசாத."

"முன்னூறு… அக்கா. தங்கச்சி மாதிரி… நெனச்சுக் கேக்கறேன்."

"அக்காங்கிற, தங்கச்சிங்கிற! மொதல்ல ஒரு ஒறவைப் பேசி முடி, அப்புறம் விலையப் பேசலாம்!"

கடைசி வளைவு. எதிரே இருபதடியில் கோட்டை வாசல். மச்சான் வாயிலிருந்த விசிலை எடுத்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டான். ஒச்சம்மாளின் ஊருக்கு ஒரு மண்பாதை அந்த இடத்தில் பிரிகிறது. அது சமமான பாதை. மொபெட் அதில் திரும்பி நின்றது.

"முன்னூறுதானே? எடுத்துத் தொலை. என் உயிர வாங்காத."

வாலிபத்தில் ஒருமுறை சங்கிலிமுத்து ஒரு பெரிய பாய்லருக்கு வாய்வார்த்தையில் விலை பேசி முடித்துவிட்டு, வெற்றிலை துப்பத் திரும்பினார். துப்பிவிட்டு வந்து பார்த்தால் பாய்லரை வேறொருவன் லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து விலை படிந்த நிமிஷமே சரக்கின் மேல் கையை வைத்துவிடுவது அவர் வழக்கம்.

பிரேக்கைப் பிடித்தார். காலை ஊன்றினார். மூட்டையின் மேல் கையை வைத்தார்.

"படிஞ்சது!"

மேலே விசில் அடித்தது. "மாமா! கால்! கால்!"

சங்கிலிமுத்து குனிந்து தன் காலைப் பார்த்தார். யாரோ அடமானம் வைத்துவிட்டுப் போன கால் மாதிரி அது தரையில் இருந்தது.

ஒச்சம்மாள் நிறுத்துக் கொடுத்து, காசை வாங்கி முந்தியில் முடிந்துகொண்டு போய்விட்டார். பின்னாலேயே டீச்சர் மூச்சு வாங்காமல் ஏறி வந்து நின்றார்.

"இருபதடிதான், டீச்சர்! தள்ளுபடி பண்ணிருங்க."

"வேன்தான், அண்ணே."

"பத்தடிய இப்ப ஏறிக் காட்டறேன். மிச்சம் பத்தடிய விட்டுக் குடுங்க."

"வேன்."

கத்துவதற்கு வாயைத் திறந்தார். அப்போதுதான் கீழே பார்த்தார். வளைந்து வளைந்து அடிவாரம் வரைக்கும் ரோடு கிடந்தது. அடிவாரத்து டீக்கடை தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. திறந்த வாய் அப்படியே நின்றது.

"இம்புட்டையும் நானா ஏறுனேன்?"

"வேற யாரு?"

"காலு வலிக்கலையே, டீச்சர். இன்னொரு மலை இருந்தாலும் ஏறியிருப்பேன்."

"அப்புறம் ஏன் இறங்குனீக?"

"விலை படிஞ்சிருச்சுல்ல! விட்டாப் போயிருமே!"

"போனா?"

"போனாவா?" சங்கிலிமுத்துவுக்குப் பழைய சூடு திரும்பியது. "யாருக்காக இம்புட்டு மல்லுக்கட்டுனேன்? எல்லாம் உங்களுக்காகத்தான். இந்தாங்க, பிடிங்க" என்று கருவாட்டுப் பையை நீட்டினார்.

டீச்சர் இரண்டடி பின்னால் நகர்ந்து, துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"நான் சைவம், அண்ணே."