வீட்டுக்கு நூறு கூடை

கேளுங்கள். நம் பாட்டனுக்குப் பாட்டன் பிறக்காத காலம் அது. மணற்குன்றை நாட்டைக் குணவீரன் என்ற அரசன் ஆண்டுவந்தான். கெட்டவன் அல்லன். ஆனால் தன் நீதியைப் பற்றி அவனுக்குப் பெருமை அதிகம்.

அந்த நாட்டில் வாகையூர் என்று ஓர் ஊர். ஊருக்கு மேற்கே பெரிய ஏரி. ஏரிக்குக் கீழே கண்ணுக்கு எட்டிய தூரம் நெல்வயல். மழைக்காலத்துக்கு முன் ஆண்டுதோறும் கரையை உயர்த்த வேண்டும். அதற்காக அரசன் ஒரு வரி போட்டான். அதைக் காசாகக் கட்ட வேண்டியதில்லை, மண்ணாகச் சுமக்க வேண்டும்.

"வீட்டுக்கு நூறு கூடை மண். மாளிகையானாலும் நூறு, குடிசையானாலும் நூறு. போடாத வீட்டின் கூரையைப் பிரித்துவிடுங்கள். என் சட்டம் யார் முகத்தையும் பார்க்காது" என்றான் அரசன்.

அவையில் எல்லோரும் தலையாட்டினார்கள். அரண்மனை அந்தக் கணக்கில் ஒரு வீடாகவே சேரவில்லை என்பது யாருக்கும் தோன்றவில்லை.

வாகையூரில் பெரிய நிலக்காரர் ஏகம்பர். ஏரித் தண்ணீரில் கால்பங்கு அவர் வயலுக்கே பாயும். அவருடைய நூறு கூடையை ஒரே வண்டி, உச்சிப் பொழுதுக்குள் கொட்டிவிட்டுத் திரும்பிவிடும். ஒரு குழி நிலம்கூட இல்லாதவர்களோ பிழைப்பை விட்டுவிட்டுத் தலையில் சுமந்தார்கள்.

முதல் ஆண்டு அவர்கள் முணுமுணுத்தார்கள். இரண்டாம் ஆண்டு ஆட்டை விற்றுக் கூலியாள் வைத்தார்கள். மூன்றாம் ஆண்டு பாதிப் பேர் குடிசையைப் போட்டது போட்டபடி விட்டு அயல்நாட்டுக்குப் போய்விட்டார்கள். வீடு குறைந்தது, கூடையும் குறைந்தது. கரை உயரவே இல்லை.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் கொட்டியது. கரையைப் பார்வையிட அரசன் வீரர்களோடு வந்தான். தண்ணீர் கரையின் விளிம்புக்கு ஒரு சாண் கீழே நின்றது.

அப்போது காவலர்கள் ஒரு பெண்ணை இழுத்துவந்தார்கள். பெயர் கொற்றி. பாய் முடைந்து பிழைப்பவள். முதுகில் துணியால் கட்டிய கைக்குழந்தை.

"அரசே, இவள் வீட்டு மண் இன்னும் பாக்கி" என்றான் காவலன்.

"ஏன் போடவில்லை?" என்று கேட்டான் அரசன்.

"வீட்டுக்காரர் பனையிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து கிடக்கிறார், அரசே. பிள்ளைக்கு இன்னும் பால்குடி மாறவில்லை. நான் ஒருத்தி என்ன செய்வேன்?"

"உனக்காக இளகினால் நாளைக்கு ஊருக்கே இளக வேண்டும். கூரையைப் பிரியுங்கள்" என்றான் அரசன்.

அவன் சொல்லி முடிக்கவில்லை. மதகுப் பக்கமிருந்து ஓர் அலறல். "கரை விரிசல் விட்டது! கரை போகிறது!"

பறை முழங்கியது. ஊரே ஓடிவந்தது. விரிசலில் சேற்றுநீர் பீறிட்டது. அரசன் ஏகம்பரைப் பார்த்துக் கத்தினான்.

"உங்கள் வண்டிகளை எல்லாம் கொண்டுவாருங்கள். மண் வேண்டும்!"

ஏகம்பர் கைகூப்பினார். "அரசே, என் வீட்டு நூறு கூடையை முதல் நாளே போட்டாயிற்று. இந்தச் சேற்றில் மாட்டை இறக்கினால் கால் ஒடிந்துபோகும். இத்தனை பேர் நிற்கிறார்களே, இவர்கள் சுமக்கட்டும்."

அது அரசனே போட்ட சட்டம். அவன் கூட்டத்தின் பக்கம் திரும்பினான்.

கொற்றி காவலனின் கையை உதறிவிட்டு முன்னால் வந்தாள்.

"நான் பாக்கிக்காரி, அரசே. என் மண்ணை நான் சுமக்கிறேன். ஆனால் இவர்கள் எல்லோரும் போட்டு முடித்தவர்கள். ஏகம்பர் ஐயாவுக்கு இருக்கிற சட்டம்தானே இவர்களுக்கும்?"

ஒருவரும் அசையவில்லை. கொற்றி மட்டும் ஒரு கூடையை எடுத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கினாள்.

முதல் கூடையைக் கொண்டுவந்து கொட்டினாள். தண்ணீர் அதைக் கரைத்துக்கொண்டு போனது. இரண்டாவது கூடையைக் கொட்டினாள். அதுவும் போனது. மூன்றாவது கூடையோடு ஏறும்போது கால் வழுக்கி முழங்காலில் விழுந்தாள். முதுகில் குழந்தை வீறிட்டது. அவள் கூடையை விடவில்லை. எழுந்துவந்து கொட்டினாள். நீர் அதையும் விழுங்கியது.

ஊர் முழுதும் சட்டப்படி நின்றுகொண்டிருந்தது. ஒரு வண்டி அளவு மண் கரையிலிருந்து பெயர்ந்து தொப்பென்று விழுந்தது.

அரசன் கீழே பார்த்தான். கதிர் விடும் பருவத்தில் பச்சை வயல்கள். மதகை ஒட்டி முதலில் கிடந்தவை அவனுடைய அரண்மனை வயல்கள். அவற்றுக்காக இந்தக் கரையில் அவன் இதுவரை ஒரு பிடி மண் போட்டதில்லை. மழையிலும் அவனுக்கு முகம் எரிந்தது.

"என் சட்டம் தவறு" என்றான் எல்லோருக்கும் கேட்கும்படி. "கூடையை எண்ணினேன், சுமக்கிற கழுத்தைப் பார்க்கவில்லை. இந்த நொடி முதல், எவன் வயல் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறதோ அவன் அவ்வளவு மண் போட வேண்டும். முதல் பங்கு அரண்மனையுடையது. வீரர்களே, வேல்களைக் கீழே போட்டுவிட்டுக் கூடையை எடுங்கள்!"

தலைப்பாகையை அவிழ்த்து எறிந்துவிட்டு அவனே பள்ளத்தில் இறங்கினான்.

"நட்டாற்றில் சட்டத்தை மாற்றலாமா, அரசே?" என்றார் ஏகம்பர்.

"கரை உடைந்தால் யாருக்கு எவ்வளவு போகும்? நீங்களே சொல்லுங்கள்" என்றான் அரசன்.

மறுபடி மண் சரிந்தது. ஏகம்பர் தம் வயலைப் பார்த்தார். பிறகு தொண்டை கிழியக் கத்தினார். "வண்டியைப் பூட்டுங்கள்! எல்லா வண்டியையும் பூட்டுங்கள்!"

வண்டிகள் வந்த பிறகு கூட்டமும் இறங்கியது. பொழுது சாய்வதற்குள் விரிசல் அடைபட்டது. ஏகம்பரின் ஒரு சோடி மாடு சேற்றில் சிக்கிச் செத்தது. அரண்மனை வயல்களில் பாதி மணல் மூடிப் போயிற்று. ஊர் பிழைத்தது.

கொற்றி கரையில் உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அரசன் மேனியெல்லாம் சேறாக அவள் எதிரே வந்து நின்றான்.

"உனக்கு நிலம் இல்லை. இனி நீ சுமக்க வேண்டாம், தாயே" என்றான்.

"சுமக்க மாட்டேன் என்று நான் சொல்லவே இல்லையே, அரசே. நாங்கள் குடிக்கிற தண்ணீரும் இதுதான். அதற்கு உண்டானதைச் சுமப்போம். வீட்டுக்காரர் எழுந்து நடக்கும்வரை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்."

அரசன் அதையும் சட்டத்தில் சேர்த்தான். அடுத்த கோடையில், ஊரைவிட்டுப் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிவந்து குடிசை வேய்ந்தார்கள்.

ஆகவே கேட்டவர்களே, அவரவர் பெறுகிற பயனையும் தாங்குகிற வலுவையும் பார்த்து வாங்குகிற வரியே நியாயமான வரி.