நஞ்சிக்குக் கிடைத்த ஒரு பிடி மண்

நல்ல மனசுக்கார ராஜா வாய் திறந்தால் பக்கத்தில் நல்ல எழுத்தன் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கெட்டது குடி. குன்றையூர் ராஜா கண்டராயருக்கு மனசு தங்கம். ஓலை எழுதும் பொறுப்போ நிலத்துறை அமைச்சர் ஏகம்பனாரிடம் இருந்தது.

ராஜா ஒருநாள் மனம் உருகிப்போய், "மலையடிவாரத்து நாற்பது குடிகள் நமக்கு முன்பிருந்தே அங்கே இருக்கிறார்களாமே! அவர்களுக்கென்று ஒரு பிடி மண் கூடக் கிடையாதாமே! குடிக்கு ஒரு பிடி மண்ணாவது கொடுங்களய்யா!" என்றார்.

ஏகம்பனார் அப்படியே எழுதினார். ஒரு எழுத்துக் கூடவில்லை, குறையவில்லை. முத்திரையும் விழுந்தது.

மறுவாரம் மலைக்குடிகளின் தலைவி நஞ்சி சபைக்கு வந்தாள். மடியிலிருந்து ஒரு தேக்கிலைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். உள்ளே ஒரு கைப்பிடி மண்.

"குடிக்கு ஒரு பொட்டலம் வந்துச்சு சாமி. வாங்கிக்கிட்டோம். இதை எங்கே வைக்கிறதுன்னு கேக்க வந்தேன். வைக்க எங்களுக்கு இடம் இல்லை. குடிசை நிக்கிற மண்ணுகூட அமைச்சரய்யா மச்சினருதாம். வர்ற வெள்ளிக்கிழமை ஏர் ஓட்டப் போறாராம்."

ராஜாவின் முகம் சுண்டிப்போனது. ஏகம்பனார் கைகூப்பினார். "மன்னா, ஓலையில் இருப்பது 'ஒரு பிடி மண்'. நானே நேரில் நின்று அளந்து கொடுத்தேன். சில பொட்டலங்களில் கொசுறும் உண்டு."

முத்திரை விழுந்த ஓலையை ராஜாவே திருத்தக் கூடாது என்பது குன்றையூர்ச் சட்டம். இவருடைய அப்பா தினம் மூன்று தடவை திருத்தியதால் வந்த சட்டம் அது. பாவம், ராஜா என்ன செய்வார்? அவர் பார்வை மெல்ல விடங்கன் பக்கம் போயிற்று.

விடங்கன் சபையின் வேடிக்கைப் பேச்சுக்காரன். அன்றைக்கு அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பொட்டலத்தைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. 'அடப்பாவி மனுஷா, இதற்கு இலை வேறு கட்டிக் கொடுத்தாயா!' என்று நினைத்துக்கொண்டான்.

"மன்னா, அமைச்சர் சொன்னதுதான் சரி. ஓலையை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்ற வேண்டும். ஒரு நாழிகை பொறுங்கள்" என்று சொல்லிவிட்டு நஞ்சியையும் கூட்டிக்கொண்டு வெளியே போனான். திரும்பி வந்தபோது அவர்களுக்குப் பின்னால் அரண்மனைப் பெண்யானை அலங்காரி அசைந்து அசைந்து வந்தது. சபையில் பாதிப் பேர் எழுந்து தூணுக்குப் பின்னால் போனார்கள்.

"என்னடா இது?" என்றார் ராஜா.

"பிடி, மன்னா. ஆண் யானை களிறு, பெண் யானை பிடி. நிலம் தானம் கொடுத்தால் ஒரு பிடியை நடக்கவிட்டு, அது சுற்றி வந்த மண்ணைக் கொடுப்பது பெரியவர்கள் காலத்து வழக்கம். அமைச்சரின் பாட்டனாருக்கு ஊர் கிடைத்ததே அப்படித்தான். இல்லையா ஐயா?"

இல்லை என்றால் பாட்டனார் ஊர் போய்விடும். ஏகம்பனார் ஆமாம் என்றார்.

"ஓலையில் குடிக்கு ஒரு பிடி என்று இருக்கிறது. கணக்குப்படி நாற்பது பிடி வேண்டும். யானைக் கொட்டாரத்தில் இருப்பது ஒன்றுதான். நஞ்சி பெரிய மனசு பண்ணி ஒன்று போதும் என்கிறாள்."

ஏகம்பனார் யானையை ஏற இறங்கப் பார்த்தார். பன்னிரண்டு வருஷமாக வெல்லமும் சோறும் தின்று கொழுத்த யானை. கொட்டாரத்திலிருந்து குளம், குளத்திலிருந்து கொட்டாரம். அதற்குமேல் நடந்து யாரும் பார்த்ததில்லை. அவருக்கு உயிர் வந்தது.

"ஆகட்டும். ஆனால் யாரும் ஓட்டக் கூடாது, அதட்டக் கூடாது. தானாகத்தான் நடக்க வேண்டும். கிளம்பிய இடத்துக்குத் திரும்பினால் முடிந்தது."

"அப்படியே" என்றான் விடங்கன்.

வியாழக்கிழமை காலையில் மலையடிவாரத்தில் ராஜாவின் முன்னிலையில் யானையின் சங்கிலியை அவிழ்த்தார்கள். அது நின்றது. நின்றுகொண்டே இருந்தது. ஏகம்பனார் குடை நிழலில் உட்கார்ந்து வெற்றிலை மடித்தார். விடங்கன் நஞ்சி பக்கம் நகர்ந்தான். விடிந்தால் நாற்பது குடிசைக்கும் ஏர் வந்துவிடும்.

"என்னம்மா, அசையவே மாட்டேன் என்கிறதே?" என்று நஞ்சியின் காதோடு கேட்டான்.

"சும்மா இரு சாமி. இந்த மலையில குழிவெட்டிப் பிடிச்ச ஆனைதான் இது. காதுக் கிழிசலைப் பார்த்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஆனை தடத்தை மறக்காது. மோப்பம் பிடிக்குது பாரு."

அலங்காரி துதிக்கையைத் தூக்கிற்று. ஒரு பிளிறல். அவ்வளவுதான், நடக்க ஆரம்பித்துவிட்டது. ஓடை, மூங்கில்காடு, உப்புப்பாறை, தேன்பாறை என்று ஆனைத்தடம் போன வழியெல்லாம் போயிற்று. பின்னாலேயே ஆட்கள் ஓடி ஓடிக் கல் நட்டார்கள், கள்ளி நட்டார்கள். மச்சினரின் வேலி இரண்டு இடத்தில் தடத்துக்குக் குறுக்கே இருந்தது. அப்புறம் இல்லை. சாயங்காலம் அது கிளம்பிய இடத்தில் வந்து நின்றபோது அடிவாரம் முழுக்க எல்லைக்குள் இருந்தது.

ராஜா கழுத்து மாலையைக் கழற்றி விடங்கனுக்குப் போட்டார். யானைக்கு ஒரு வண்டிக் கரும்பு என்றார். அப்போது ஏகம்பனார் தலைப்பாகை அவிழ ஓடிவந்தார்.

"மன்னா! மச்சினர் வீடு எல்லைக்கு உள்ளே மாட்டிக்கொண்டது! தோப்பும் போச்சு! பெண்டு பிள்ளைகளோடு அவர் எங்கே போவார்?"

ராஜா விடங்கனைப் பார்த்தார்.

"என்னைக் கேட்டு என்ன மன்னா? நிலத்துக்காரியைக் கேளுங்கள்" என்றான் அவன்.

ராஜா நஞ்சி பக்கம் திரும்பினார். அவள் கல்லும் கள்ளியும் போன தூரம் வரைக்கும் நிதானமாகப் பார்த்தாள். கண் கலங்கியது. துடைத்துக்கொண்டாள்.

"அவரு ஏன் சாமி போகணும்? இருக்கட்டும். களை பறிக்க எங்களுக்கும் ஆள் வேணுமில்ல?"