போதும் என்ற சொல்

தக்கலையில் ஒரு மாடியறையில் ஷீபா என்பவள் பெண்களுக்கு உடம்பு தடவிவிடும் வைத்தியம் செய்துவந்தாள். தோள்பட்டை இறுகியவர்கள், இடுப்பு பிடித்தவர்கள், பிள்ளை பெற்றவர்கள் என்று பல ஊர்களிலிருந்தும் தேடி வந்தார்கள். அவளுக்கு வயது முப்பத்தாறு. அவளிடம் தொழில் கற்க வந்த ராஜபாய்க்கு ஐம்பத்திரண்டு.

ராஜபாய் முப்பது வருஷம் முந்திரி ஆலையில் குந்தியிருந்து கொட்டை உடைத்தவள். ஆலை மூடியதும் இங்கே வந்து சேர்ந்தாள். தன்னைவிட இளையவளை டீச்சர் என்று கூப்பிடுவதில் அவளுக்குச் சங்கடம் இல்லை. சங்கடம் வேறொன்றில். இரண்டு வருஷமாகியும் ஷீபா அவளைத் தனியாக ஓர் ஆளைத் தொட விடவில்லை.

புதிதாக யார் வந்தாலும் ஷீபா முதலில் நாற்காலியில் உட்கார வைப்பாள். எங்கே வலி, எத்தனை நாளாக, என்ன மாத்திரை, ஆபரேஷன் ஏதாவது நடந்ததா, எந்த இடத்தில் கை படக் கூடாது என்று பொறுமையாகக் கேட்பாள். துணைக்கு வந்தவர் உள்ளே இருக்கலாமா என்பதையும் வைத்தியத்துக்கு வந்தவளிடமே கேட்பாள். எதைக் கழற்ற இஷ்டமோ அதை மட்டும் கழற்றினால் போதும், போர்த்திப் படுத்துக்கொண்டு கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுத் திரைக்கு வெளியே போய் நிற்பாள். தடவுகிற இடத்தைத் தவிர வேறெங்கும் போர்வை விலகாது. பேசலாம், தூங்கலாம், அழுதாலும் தப்பில்லை. போதும் என்றால் கை நின்றுவிடும். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

ராஜபாய்க்கு இதெல்லாம் வெட்டிப் பேச்சாகத் தோன்றியது. அவள் விரல்கள் இறுகின இடத்தைத் தொட்டதுமே கண்டுபிடித்துவிடும். கண்டுபிடித்தால் விடாது. ஷீபா சில நாள் பக்கத்தில் நின்றபடி யாருடைய காலையாவது அவளிடம் கொடுத்துப் பார்ப்பாள். படுத்திருப்பவர்கள் பல்லைக் கடிப்பார்கள். மறுநாள் அந்த இடம் கன்றிப்போயிருக்கும்.

ஒரு வியாழக்கிழமை மதியம் ஆள் யாரும் இல்லை. ராஜபாய் நேராகவே கேட்டாள்.

"என் கையில என்ன குறை டீச்சர்?"

"மேசையில படுங்க அக்கா."

இந்த இரண்டு வருஷத்தில் அவள் அந்த மேசையைத் துடைத்திருக்கிறாள், படுத்ததில்லை. ஷீபா எல்லோரிடமும் கேட்பதை அவளிடமும் கேட்டாள். வலி ஒன்றுமில்லை, எங்கே வேண்டுமானாலும் தொடலாம் என்று ராஜபாய் சொன்னாள்.

ஷீபாவின் கட்டைவிரல் வலது தோள்பட்டைக்குக் கீழே ஓரிடத்தில் போய் நின்றது. ராஜபாய்க்குக் கண் இருட்டியது. முப்பது வருஷத்து வலி மொத்தமும் அங்கேதான் இருந்தது. ஷீபா அழுத்தத்தைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. ராஜபாய் மூச்சை அடக்கிக்கொண்டாள். ஆலையில் வலி தாங்காமல் முதுகை நிமிர்த்தினால் மேஸ்திரி கேலியாகச் சிரிப்பான். வீட்டில் புருஷன் கை ஓங்கினபோதும் அவள் சத்தம் போட்டதில்லை. சத்தம் போட்டால் இன்னும் ஒன்று விழும்.

ஷீபா கையை எடுத்தாள்.

"வலிச்சுதா?"

"தாங்க முடிஞ்சுது."

"தாங்க முடியுமான்னு நான் கேக்கலையே அக்கா."

ராஜபாய்க்குக் கோபம் வந்தது. எழுந்து போர்வையை மடித்து வைத்தாள்.

அடுத்த வியாழனும் படுக்கச் சொன்னாள் ஷீபா. அதற்கடுத்த வியாழனும். ஐந்தாவது வாரம், விரல் அந்த இடத்துக்கு வந்தபோது, ராஜபாயின் வாயிலிருந்து அவளுக்கே தெரியாமல் அந்தச் சொல் வந்தது.

"போதும்."

கை அந்த நொடியே விலகியது.

மேசையில் குப்புறப் படுத்தபடி ராஜபாய் வெகுநேரம் அழுதாள். அவள் சொல்லி ஒரு காரியம் நின்றது அதுவே முதல் தடவை. ஷீபா போர்வையைத் தோள்வரை இழுத்து விட்டுவிட்டு வெளியே போனாள். திரும்பி வந்ததும் சொன்னாள்: "நாளையிலேருந்து நீங்க தனியா ஆள் பாக்கலாம்."

அதிலிருந்து மூன்றாம் வாரம் எலிசபெத்தம்மா தன் மருமகள் ஜெனிஷாவைக் கூட்டிக்கொண்டு மாடியேறி வந்தார். அந்தக் கட்டடமே அவருடையது. மருமகளுக்கு ஆபரேஷனில் பிள்ளை பிறந்து நாற்பது நாள். ராஜபாய் நாற்காலியைப் போட்டு, விடாமல் எல்லாவற்றையும் கேட்டாள். வயிற்றில் கை வைக்க வேண்டாம், முதுகுதான் வலிக்கிறது என்றாள் ஜெனிஷா. அத்தை உள்ளே இருக்கட்டுமா என்று கேட்டதற்குச் சரியென்று தலையை மட்டும் ஆட்டினாள்.

ஒருக்களித்துப் படுக்க வைத்து ராஜபாய் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த எலிசபெத்தம்மா, முதுகுக்காகவா இவளைக் கூட்டி வந்தேன் என்று ஆரம்பித்தார். வயிறு தொங்குகிறது, நன்றாக அமுக்கி உள்ளே தள்ள வேண்டும் என்றார். தையல் போட்ட வயிறு, டாக்டரிடம் கேட்காமல் தொட மாட்டேன் என்று ராஜபாய் சொல்லிப் பார்த்தாள். மூன்று பிள்ளை பெற்ற தனக்கே புத்தி சொல்கிறாயா என்று அவர் எழுந்து மேசைக்கு அருகில் வந்தார்.

"செய்யுங்கக்கா," என்றாள் ஜெனிஷா, கண்ணை மூடிக்கொண்டு. "நான் தாங்கிக்குவேன்."

ராஜபாயின் கை நின்றது. அவள் குனிந்து, அந்தப் பெண்ணுக்கு மட்டும் கேட்கும்படி, பெற்ற மகளை விசாரிப்பதுபோல் கேட்டாள்.

"உனக்கு வேணுமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லு மக்களே."

ஜெனிஷா கண்ணைத் திறந்தாள்.

"வேண்டாம்."

"இவங்க இங்க இருக்கணுமா?"

ஜெனிஷா போர்வையின் ஓரத்தைப் பற்றிக்கொண்டாள். 

"வேண்டாம்."

ராஜபாய் போர்வையை அவள் கழுத்துவரை மூடிவிட்டு நிமிர்ந்தாள்.

"வெளியே போய் இருங்கம்மா."

எலிசபெத்தம்மா திரையை விலக்கிக்கொண்டு வெளியே போன வேகத்தில் அதன் கம்பி ஆடியது. அவர் ஷீபாவிடம் பேசியது உள்ளே நன்றாகக் கேட்டது. உன் ஆள் என்னையே வெளியே போகச் சொல்கிறாள், இது யார் கட்டடம் என்று அவளுக்குத் தெரியுமா, நீயே போய் வயிற்றை அமுக்கி விடு என்றார்.

அது யார் கட்டடம் என்று ராஜபாய்க்குத் தெரியும். பத்து வருஷமாக டீச்சர் சாப்பிடுவது இந்த அறையை வைத்துத்தான். இருந்தாலும் அவள் மேசைக்கும் திரைக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள். டீச்சரே வந்தாலும் கை வைக்க விடுவதில்லை என்று தீர்மானித்திருந்தாள்.

காலடிச் சத்தம் திரைவரை வந்து நின்றது.

"ஜெனிஷா, நான் உள்ளே வரலாமா?"

"வேண்டாங்கா. இவங்க மட்டும் இருக்கட்டும்."

காலடிச் சத்தம் திரையை விட்டு விலகியது. பிறகு எலிசபெத்தம்மாவின் குரல் கேட்டது.

"இந்த மாசத்தோட ரூமை ஒழிச்சுக் கொடுத்திரு."

ஷீபாவின் குரல் உயரவில்லை.

"ஒழிச்சுத் தாறேம்மா. இப்போ உக்காருங்க. அவ கூப்பிடுற வரைக்கும் நம்ம ரெண்டு பேருக்கும் இடம் வெளியேதான்."