ஓ நெகட்டிவ் ஒருத்தரும் இல்லை

ஆட்டோ ஓட்டும் இருளப்பனின் மனைவிக்குப் பிரசவத்தில் ரத்தம் ஏகமாகப் போய்விட்டது. அவன் ஓ நெகட்டிவ் ரத்தம் தேடி ரத்ததானச் சங்கத்துக்கு ஆட்டோவில் விரைந்தான். தலைவர் சம்பந்தம் கம்ப்யூட்டர் பட்டியலில் ஃபில்டர் போட்டுப் பார்த்தார்.

"ஓ நெகட்டிவ் இந்த ஊர்ல ஒருத்தரும் இல்லை. கம்ப்யூட்டர் பொய் சொல்லாது, போய்யா!"

இருளப்பன் நகரவில்லை.

"ஐயா, உங்க ரத்தம் என்ன குரூப்புங்க?"

"ஓ நெகட்டிவ். முதல்ல பதிஞ்சவனே நான்தான்!"

"அப்ப நீங்க இந்த ஊர் இல்லீங்களா?"

தலைவர் திருதிருவென விழித்தார். பட்டியலில் அவர் பெயரையே காணோம். குழம்பிப்போய்த் துழாவினார். மகளிர் முகாமுக்காகப் பெண்களை மட்டும் காட்டும்படி நேற்றுப் போட்ட ஃபில்டரை யாரும் எடுக்கவில்லை. எடுத்ததும் ஆண்களின் பெயர்கள் வந்தன, முதலில் அவருடையது.

"இவருக்கு போன் போடட்டுங்களா ஐயா?" என்றான் இருளப்பன்.

தலைவர் எழுந்து போய் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார்.