இழுதன் நின்ற சுவர்

உப்புக்கும் எண்ணெய்க்கும் வாயும் வயிற்றெரிச்சலும் இருந்த காலம் அது. மீன் பிறக்கவில்லை, பாசி பிறக்கவில்லை. கடலோரத்தில் ஒரு பாறைக்குழி. அதில் தேங்கிய நீரின் மேல் தலைகீழாக நின்றுகொண்டிருந்தான் இழுதன்.

அவன் அப்பா உப்பு வம்சம், அம்மா எண்ணெய் வம்சம். தலை அப்பாவைக் கொண்டு பிறந்ததால் நீரைக் கண்டால் குளிர்ந்தது. நீண்ட கால்கள் இரண்டும் அம்மாவைக் கொண்டு பிறந்ததால் நீர் பட்டதும் கூசிச் சுருண்டன. முழுதும் நீருக்குள் போனால் கால் தவித்தது. எண்ணெய்க்குள் போனால் தலை வறண்டு தவித்தது. ஆகவே தலையை நீரில் அமிழ்த்தி, கால்களை வானத்துக்கு நீட்டி, இரண்டுக்கும் நடுவில் நின்றான். அவன் மனைவி நிணவியும் அவர்கள் இனத்தார் எல்லோரும் அப்படித்தான் நின்றார்கள். நின்றார்கள் என்பதுகூடச் சரியில்லை. ஒருவரை ஒருவர் இடித்து, நழுவி, இடம் மாறிக்கொண்டே இருந்தார்கள்.

தாய்மாமன் எண்ணெய்த்துளி மிதந்து போகும்போதெல்லாம் சீண்டுவார்.

"என்ன மாப்ள, தலைய எங்கயாவது கழட்டி வச்சிட்டு வாயேன். விருந்து வைக்கிறேன்."

நீருக்குள்ளிருந்து உப்புச் சித்தப்பா சிரிப்பார். "அந்தக் கால்கள விட்டுட்டு இங்க வாடா. எத்தன நாளைக்குத்தான் தொங்குவே?"

இழுதன் கால்களை இன்னும் விறைப்பாக நீட்டிக்கொள்வான். நான் எந்தப் பக்கத்து ஆள்? அந்தக் கேள்விதான் அவனை அரித்துக்கொண்டிருந்தது. "ஒரே உடம்புக்குள்ளயே ஒத்துமை இல்ல. நம்மால யாருக்கு என்ன பிரயோஜனம்?" என்று நிணவியிடம் புலம்புவான்.

"யோசிச்சு யோசிச்சுத் தலை கனத்து ஒரு நாள் முங்கிடப் போறீங்க," என்பாள் அவள்.

அந்தக் குழியின் அடியில் சரடி இருந்தாள். முறுக்கிய நூல் போன்றவள். அவளுக்குத் தெரிந்தது நாலே எழுத்து. அந்த நாலையும் மாற்றி மாற்றிக் கோத்து ஒரு நெடும்பாட்டு வைத்திருந்தாள். அதை முழுதாகப் பாடி முடித்தால், நீரில் மிதக்கும் சர்க்கரையும் துணுக்குகளும் வரிசையாக வந்து ஒட்டி, அவளைப் போலவே இன்னொருத்தி எழுந்துவிடுவாள். அதுவரை உலகத்தில் எதுவும் தன்னைத்தானே இன்னொன்றாக்கியதில்லை. ஆனால் பாட்டு பாதியைத் தாண்டும்போதே கடல் ஏறிக் குழிக்குள் புகுந்துவிடும். சேர்த்துவைத்த சர்க்கரையும் துணுக்கும் ஆளுக்கொரு பக்கம் அடித்துக்கொண்டு போகும். சரடியின் நுனியும் பிய்ந்துபோகும். ஒவ்வொரு ஏற்றத்துக்கும் அவள் குட்டையாகிக்கொண்டே வந்தாள்.

ஒரு நாள் மேலே பார்த்துக் கூப்பிட்டாள்.

"இழுதண்ணே, இன்னும் ஒரு ஏத்தம் வந்தா என் பாட்டே போயிரும். மறைவா ஒரு இடம் வேணும். உள்ள தண்ணி இருக்கணும். வெளித் தண்ணி மட்டும் உள்ள வரக் கூடாது."

"தண்ணிக்கும் தண்ணிக்கும் நடுவுல தடுப்பா? எங்க மாமாவக் கேளேன்."

"கேட்டேன். தண்ணிக்குள்ள எனக்கென்ன வேலைன்னுட்டாரு. உப்புக்காரங்க தண்ணியப் பாத்ததும் கரைஞ்சு போயிடுறாங்க. ரெண்டுக்கும் நடுவுல நிக்கிறது நீங்க மட்டுந்தான்."

இழுதனுக்கு மனம் துள்ளியது. உடனே பயமும் வந்தது. இதுவரை அவனை யாரும் எதற்கும் கேட்டதில்லை. இப்போது ஒருத்தி கேட்டிருக்கிறாள். முடியாமல் போனால்?

தூரத்தில் கடல் இரையத் தொடங்கியது. அவன் இனத்தாரைக் கூட்டிக்கொண்டு நீருக்குள் இறங்கினான். நீருக்குள் போனால் அவர்களுக்குத் தெரிந்த பழக்கம் ஒன்றே ஒன்றுதான்: காலை ஒளிப்பது. சரடியைச் சுற்றி வளைந்து, தலைகளை வெளியே வைத்து, கால்களையெல்லாம் உள்ளே நீட்டி உருண்டையாக இறுகினார்கள். பார்க்க நல்ல உருண்டைதான்.

"ஐயோ!" என்று உள்ளிருந்து அலறல் வந்தது. உள்ளே ஒரு சொட்டு நீர் இல்லை. எண்ணெய்க் கால்கள் நெருக்கியதில் சரடி வறண்டு, பாட்டு தொண்டையில் அடைத்து, வெளியே பிதுங்கி விழுந்தாள். "வீடு கேட்டா உதைக்கிறீங்களே!"

"காலால வீடு கட்டினா வேற என்னம்மா கிடைக்கும்?" என்றார் மேலே மிதந்த மாமா.

இழுதன் கூனிக்குறுகிப் போனான். காப்பாற்ற வந்த நாம் எல்லோரும் அவரவர் காலைக் காப்பாற்றிக்கொண்டோம். உள்ளே இருப்பவளை யார் நினைத்தோம்? நினைத்ததாகச் சொல்லிக்கொள்ளும் நானாவது நினைத்தேனா? அலை பாறையின் விளிம்பில் மோதியது. காலுக்கு வேண்டியது எண்ணெய். இந்த நீருக்குள் எண்ணெய் எங்கே இருக்கிறது? அப்போதுதான் உறைத்தது. அடுத்தவன் கால்தான் எண்ணெய்.

"நிணவி, என் பாதத்தோட உன் பாதத்தச் சேத்து வையி."

"இத்தன பேரு பாக்குறப்பவா?"

"விளையாடாத. நீ கடலப் பாத்து நில்லு. நான் சரடியப் பாத்து நிக்கிறேன். கால் நாலும் நடுவுல. சொட்டுத் தண்ணி படாது. எல்லாரும் இப்படியே சோடி சோடியா நின்னா அதான் சுவரு."

அவளுக்குப் புரிந்தது. புரிந்ததும் குரல் தாழ்ந்தது.

"அப்ப உங்க மூஞ்சிய நான் எப்பப் பாக்குறது?"

உள்வரிசைக்குப் போனவன் வெளியே வர வேண்டுமென்றால், நீர் தேடும் தலையை அந்த எண்ணெய்க் கால்களின் காட்டுக்குள் நுழைத்து இழுக்க வேண்டும். ஆகிற காரியமா அது? வேறு யாரையாவது உள்ளே அனுப்பலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தான். நினைத்ததற்காக வெட்கினான். சரிதானா, சரிதானா என்று கேட்டுக்கொண்டே இருந்தால் கேள்வி மிஞ்சும், சரடி மிஞ்சமாட்டாள்.

அவன் உள்ளே திரும்பினான்.

"போய்த்தொலைங்க," என்றாள் நிணவி. ஆனால் பாதத்தை அழுத்தமாக ஒட்டிவைத்தாள்.

அவர்களைப் பார்த்து இனத்தார் சோடி சோடியாகச் சேர்ந்தார்கள். சுவர் பாய்போல விரிந்தது. ஓரத்தில் நின்றவர்களின் கால்கள் நீரில் பட்டுத் துடித்தன. துடிப்பு தாங்காமல் ஓரம் ஓரத்தைத் தேடி வளைந்தது. கடல் குழிக்குள் பாய்ந்த அதே நொடியில் சுவர் தானாக மூடிக்கொண்டது.

வெளியே குழி கலங்கிப் புரண்டது. உள்ளே ஒரு சொட்டு நீர் அமைதியாக இருந்தது. அதில் கொஞ்சம் சர்க்கரை, கொஞ்சம் உப்பு, துணுக்குகள், நடுவில் சரடி. அவள் பாடினாள். பாதியைத் தாண்டினாள். யாரும் தடுக்கவில்லை. முடித்தபோது அவள் பக்கத்தில் இன்னொரு சரடி நின்று அதே பாட்டைத் தொடங்கியிருந்தாள்.

"நிணவி, கேட்டியா! ரெண்டு பேரு!" என்று கத்தினான் இழுதன்.

கால்களின் காட்டைத் தாண்டி எந்தக் குரலும் வராது. வெளியே ஓர் அலை தள்ளியதில் அவன் பாதத்தோடு இருந்த பாதங்கள் நழுவின. வேறு பாதங்கள் வந்து ஒட்டின. அவளுடையவையா? பக்கத்திலிருந்தவனை இடித்துக்கொண்டு ஓர் அடி நகர்ந்தான். இவை? இன்னும் ஓர் அடி நகர்ந்தான். அவன் நகர, அடுத்தவன் நகர்ந்தான். அடுத்தவனுக்கும் வெளிவரிசையில் யாரோ இருந்தார்கள்.

அன்றைக்குத் தொடங்கியதுதான் இது. வாழைக்குருத்திலும், தயிரைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிரிலும், இதைப் படிப்பவரின் கண்ணிமையிலும் உள்ள உயிரணு என்னும் மிகச் சிறிய அறைக்கும் சுவர் இரண்டு வரிசையாக இருக்கிறது, கால்கள் நடுவில் மறைந்து, தலைகள் ஆளுக்கொரு திசை பார்த்து. அந்தச் சுவரில் எவரும் நின்ற இடத்தில் நிற்பதில்லை. உள்ளே பார்த்து நிற்கும் எவனோ ஒருவன், வெளியே பார்த்து நிற்கும் ஒருத்தியின் பாதத்தைத் தேடி, இந்தக் கணமும் நகர்ந்துகொண்டிருக்கிறான்.